சஷ்டி விரதம், நைட் ஷிப்ட், நெஞ்செரிச்சல்: கோத்தகிரி பக்கம் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோத்தகிரியில இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி ஒரு டீ பேக்டரி இருக்கு. சொந்தத் தோட்டம் கிடையாது, சுத்துப்பட்டு சின்ன விவசாயிங்ககிட்ட பச்சைத் தேயிலை வாங்கி அரைக்கிற பேக்டரி. பகல்ல இலை வந்து சேரும், ராத்திரி பூரா வாட வெச்சு அரைச்சு டிரையர்ல காய வெப்பாங்க, அதனால நைட் ஷிப்ட்தான் அங்க உயிர். நம்ம ஆளு அங்க டிரையர் பக்கம் நிக்கிறவரு. வயசு 51. இந்தியாவும் சிலோனும் போட்ட 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் சிலோன்ல இருந்து திரும்பி வந்த குடும்பம், வீட்டுக்காரம்மா எஸ்டேட்ல கொழுந்து பறிக்கிறாங்க, பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனி.

இவருக்கு சுகர் இருக்கு. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு போட்டுட்டு இருந்தாரு. எப்பவோ ஒரு டாக்டர் எழுதின சீட்டு, அதையே மெடிக்கல்ல காட்டிக் காட்டி வாங்கிக்கிறது. அது போக ரொம்ப நாளா நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம், சாப்பிட்டா வயிறு கல்லு மாதிரி உப்பிக்கிறது, ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா வெளிய போறதுன்னு வயித்துத் தொல்லை. அதுக்கு "கேஸ் மாத்திரை"ன்னு கேட்டு வாங்கி, எரியும்போது மட்டும் ஒண்ணு போட்டுக்குவாரு. தோள் வலிக்கு டைக்ளோஃபினாக், அதுவும் மெடிக்கல்ல கேட்டு வாங்கினதுதான்.

நான் இங்க ஒரு சின்ன ஆஸ்பத்திரியில சாப்பாட்டு விஷயம் கேட்டு எழுதி, வர்றவங்களுக்கு சொல்லிக் குடுக்கிற வேலையில இருக்கேன். இவரு எங்ககிட்ட முதல் தடவையா வந்ததே சஷ்டி விரதத்தோட ரெண்டாம் நாள் ராத்திரிதான், அதுவும் அவரா வரல, தூக்கிட்டு வந்தாங்க. பேரு, பேக்டரி, ஊரு எதுவும் இதுல சொல்லல. எழுதறதுக்கு அவரும் வீட்டுக்காரம்மாவும் சரின்னு சொல்லிட்டாங்க.

விரதம் எப்படி ஆரம்பிச்சுது

தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் கந்த சஷ்டி விரதம் தொடங்கும், ஆறாம் நாள் சூரசம்ஹாரம். இந்த லைன் வீடுகள்ல விரதம் இருக்கிறவங்க நிறைய. சிலர் ஒருவேளை மட்டும் சாப்பிடுவாங்க, சிலர் பாலும் பழமும், இன்னும் கடுமையா இருக்கிறவங்க மிளகு விரதம்னு முதல் நாள் ஒரு மிளகு ரெண்டாம் நாள் ரெண்டு மிளகுன்னு தண்ணியோட முடிச்சுக்குவாங்க. இந்த வீட்டுல வருஷா வருஷம் அந்தம்மாதான் இருப்பாங்க. இவரு இருந்ததே இல்ல.

இந்த வருஷம் இவரும் இருக்கிறேன்னு கிளம்பினதுக்குக் காரணம் பக்தி பாதி, வயிறு பாதி. பையன் போன்ல ஒரு வீடியோ அனுப்பியிருக்கான், 16 மணி நேரம் பட்டினி கிடந்தா குடல் தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கும், செல்லெல்லாம் புதுசாயிடும், கேஸ் ட்ரபிள் ஓடியே போயிடும்னு. பக்கத்து வீட்டுப் பெரியவரு "லங்கணம் பரம ஔஷதம்"னு, அதாவது பட்டினியே பெரிய மருந்துன்னு, ஒரு வார்த்தை சேத்துட்டாரு. முருகனுக்கும் ஆச்சு வயித்துக்கும் ஆச்சுன்னு ஆறு நாள் விரதம்னு முடிவு. வீட்டுக்காரம்மா மிளகு விரதம், இவரு பகல்ல ஒரு டம்ளர் பால் ரெண்டு வாழைப்பழம், மத்தபடி தண்ணியும் பிளேன்டீயும்.

வேலைக்கு லீவு போடல. மாத்திரையையும் நிறுத்தல. "மாத்திரை மருந்துதானே சிஸ்டர், சாப்பாடா என்ன, அது விரதத்துல சேராதுல்ல"ன்னு பின்னாடி எங்ககிட்ட சொன்னாரு. அவரு கணக்குல அது நியாயந்தான், மாத்திரை தவறக் கூடாதுன்னு தானே எல்லாரும் சொல்லியிருக்கோம்.

ரெண்டாம் நாள் ராத்திரி

முதல் நாள் தலைவலியோட போயிடுச்சு. ரெண்டாம் நாள் சாயங்காலம் எழுந்து ராத்திரி மாத்திரையைத் தண்ணியில போட்டுட்டு ஷிப்டுக்குப் போயிருக்காரு. ரெண்டு மணிக்கு மேல வேர்க்க ஆரம்பிச்சிருக்கு. டிரையர் பக்கத்துல நிக்கிறவருக்கு வேர்க்கிறது ஒண்ணும் புதுசில்ல, வெளிய குளிர் நடுக்கினாலும் அங்க சட்டை நனைஞ்சுதான் இருக்கும், அதனால யாரும் கண்டுக்கல, அவரும் கண்டுக்கல. அப்புறம் கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு, கேட்டதுக்கு சம்பந்தமில்லாம பதில், ஒரு மூட்டையை எடுத்த இடத்துலயே திரும்பத் திரும்ப வெச்சிருக்காரு. விரத மயக்கம்னு உக்கார வெச்சு ஒருத்தர் பிளேன்டீ குடுத்திருக்காரு. சர்க்கரை போடாம! சுகர் ஆளுக்கு சர்க்கரை போடக் கூடாதுன்னு அவ்ளோ அக்கறை.

இதைப் பிடிச்சது பாய்லர்ல வேலை பாக்கிற இன்னொருத்தர், எல்லாரும் பாய்னு கூப்பிடறவரு. அவருக்கும் சுகர், வருஷா வருஷம் ரம்ஜான் நோன்பு வெக்கிறவரு. நோன்பு தொடங்கறதுக்கு ஒண்ணு ஒண்ணரை மாசம் முன்னாடியே அவரோட டாக்டர் கூப்பிட்டு மாத்திரை நேரத்தை மாத்தி, எது வந்தா நோன்பை உடனே முறிக்கணும்னு சொல்லி அனுப்புவாராம், வேர்வை நடுக்கம் தடுமாத்தம், மெஷின்ல 70-க்குக் கீழ. பாத்த உடனே "இது லோ சுகர்ப்பா"ன்னு சொல்லி மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சு, முழுங்கறாரான்னு பாத்துப் பாத்துக் குடிக்க வெச்சு, இலை ஏத்துற வண்டியிலயே எங்ககிட்ட கொண்டு வந்தாரு.

இங்க வந்து மெஷின்ல பாத்தப்ப 58. வழியில சர்க்கரைத் தண்ணி குடிச்ச பிறகும் இது, அப்படின்னா பேக்டரியில எவ்ளோ இருந்திருக்கும்னு யோசிச்சுக்கங்க. திரும்ப 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிஷம் கழிச்சு திரும்ப டெஸ்ட், 84. ஆளு தெளிஞ்சு முதல்ல கேட்டது "விரதம் போச்சா?"

தெளிஞ்சதும் வீட்டுக்குப் போறேன்னு நின்னாரு. டாக்டரம்மா விடல. கிளிமிபிரைடு சாப்பாடு வந்துச்சா இல்லையான்னு பாக்காம கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லிட்டே இருக்கிற மாத்திரை, ஒரு நாள் வரைக்கும் அதோட வேலை உடம்புல நிக்கும், அதனால சர்க்கரை குடுத்து ஏத்தினாலும் மறுபடி இறங்கும். சொன்ன மாதிரியே அஞ்சு மணி வாக்குல திரும்ப 66-க்கு வந்துச்சு. இட்லி குடுத்து, மணிக்கு ஒருக்கா பாத்து, அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் வெச்சிருந்தாங்க.

காலையில கேட்டது, பாத்தது

லோ சுகருக்குக் காரணம் பளிச்சுன்னு தெரிஞ்சுடுச்சு, அதோட ஃபைலை மூடியிருக்கலாம். ஆனா டாக்டரம்மா கேட்ட கேள்வி, இவரு எதுக்காக விரதம் இருந்தாரோ அந்த வயித்துத் தொல்லை என்னன்னு. எங்கிட்ட அனுப்பி, 24 மணி நேரத்துல வாய்க்குள்ள போறது ஒண்ணு விடாம எழுதுன்னு சொன்னாங்க. இவரு ஒரு கணக்கு சொல்ல, பக்கத்துல உக்காந்திருந்த வீட்டுக்காரம்மா திருத்திட்டே வந்தாங்க. விரதம் இல்லாத சாதாரண நாள்ல:

மத்தியானம் மூணு மணிக்கு எழுந்ததும் பால் டீ, ரெண்டு வர்க்கி. நாலு மணிக்கு சோறு. ஆறு மணிக்கு டீ. எட்டு மணிக்கு திரும்ப சோறு, ஒம்போது மணிக்கு ஷிப்ட். பத்தரைக்கு டீ. பன்னெண்டரைக்கு தூக்குல கொண்டு போன சாப்பாடு, இல்லேன்னா யாராவது வாங்கிட்டு வர்ற பரோட்டா சால்னா. ரெண்டரைக்கு டீ, பன்னு. நாலு மணிக்கு டீ. ஆறு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சு வாசல்ல டீ. ஏழேகாலுக்கு வீட்டுல நாலஞ்சு தோசை, நேத்து மீந்த கொழம்பு. எட்டு மணிக்கு படுக்கை.

டீ பேக்டரியில வேலை, குளிரு, தூக்கம் வரக் கூடாது, டீக்குக் காசு கிடையாது. அதனால குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா இந்த லிஸ்ட்டைப் பாத்தா ரெண்டு விஷயம் தெரியும். முழிச்சிருக்கிற நேரத்துல ரெண்டரை மணி நேரத்துக்கு மேல வயிறு சும்மா இருந்ததில்ல. வயிறு நெறைய சாப்பிட்டு முக்கால் மணி நேரத்துல படுக்கிறாரு. நெஞ்செரிச்சல் எப்ப அதிகம்னு கேட்டா "படுத்து ஒரு மணி நேரத்துல"ன்னாரு. கேஸ் மாத்திரை குடுத்த யாரும் நீங்க எத்தனை மணிக்குத் தூங்குறீங்கன்னு கேட்டதில்ல, கேட்டிருந்தாலும் "ராத்திரி சாப்பிட்டதும் படுக்காதீங்க"ன்னு சொல்லியிருப்பாங்க, இவரு ராத்திரி படுக்கறதே இல்ல.

தண்ணி? யோசிச்சு "ரெண்டு டம்ளர் இருக்கும்"னாரு. மலையில இது சகஜம், தாகமே எடுக்காது, டீயில கணக்கு முடிஞ்சுடும். மலச்சிக்கலுக்குப் பாதி பதில் அதுலயே கிடைச்சுது.

ஆபத்தான அறிகுறி ஏதாவது இருக்கான்னு தனியா பாத்தாங்க. முழுங்கறப்ப அடைக்குதா, எடை குறைஞ்சுதா, மலம் கருப்பா போகுதா, ரத்த வாந்தியா, ரத்த சோகையா, எதுவும் இல்ல. சுகர் இருக்கிற 51 வயசுக்காரருக்கு நெஞ்சுல எரியுதுன்னா அது இதயமாவும் இருக்கலாம்னு ஈசிஜி எடுத்தாங்க, நார்மல். வயித்து ஸ்கேன்ல பித்தப்பைக் கல் இல்ல.

என்ன முடிவு எடுத்தாங்க, ஏன்

முதல் முடிவு கிளிமிபிரைடை நிறுத்துறது. சாப்பாட்டு நேரம் நிலையில்லாத நைட் ஷிப்ட் ஆளுக்கு, விரதம் இருக்கிற வீட்டுல, அந்த மாத்திரை ஒத்து வராது. அதுக்குப் பதிலா டெனிலிக்ளிப்டின், இது சாப்பாடு வந்தாதான் வேலை செய்யும், லோ சுகர் பயம் ரொம்பக் கம்மி. மெட்ஃபார்மின் அப்படியே.

ரெண்டாவது விரதம். மனுசன் ஆறு நாள்னு வேண்டிக்கிட்டாரு, பாதியில விட்டா சாமி குத்தம்னு பயம். இதுல அதட்டிப் பிரயோஜனம் இல்ல, அதட்டினா சொல்லாம இருப்பாங்க, அவ்ளோதான். டாக்டரம்மாவே கோயில் பூசாரிகிட்ட பேசுங்கன்னு அனுப்பினாங்க, பூசாரி ரொம்ப சுலபமா "நோயாளிக்கு விரதம் கிடையாது, மரக்கறி சாப்பிட்டு சஷ்டி கவசம் சொல்லுங்க, அம்மா ரெண்டு பேருக்கும் சேத்து இருப்பாங்க"ன்னு முடிச்சுட்டாரு. எங்க யாரு பேச்சையும் விட அது எடுபட்டுச்சு.

மூணாவது எண்டோஸ்கோப்பி. ஒரு வருஷத்துக்கு மேல தொல்லை, வயசு அம்பதைத் தாண்டிடுச்சு, வலி மாத்திரை வேற போட்டிருக்காரு, அதனால பாத்துடணும்னு கோயம்புத்தூருக்கு எழுதினாங்க. வயித்துப் புண்ணுக்குக் காரணமாகுற ஹெச். பைலோரி கிருமி டெஸ்டும் அதுலயே எடுக்கணும், கேஸ் மாத்திரை போட்டுட்டு இருந்தா கிருமி இருந்தாலும் இல்லைன்னு காட்டிடலாம், அதனால ரெண்டு வாரம் அந்த மாத்திரையை நிறுத்தணும். டைக்ளோஃபினாக்கும் நிறுத்தம்.

நாலாவதுதான் இந்த ஆய்வுக்கு முக்கியம். அவரு தேடி வந்தது பட்டினியால வயித்துக்குக் கிடைக்கிற நன்மை. அதை இல்லைன்னு தட்டாம, அதுல இருக்கிற உண்மை எவ்வளவோ அதை மட்டும் அவரோட ஷிப்டுக்குள்ள எப்படி நுழைக்கிறதுன்னு பாத்தோம்.

பையன் கேட்ட கேள்வி

பையன் திருப்பூர்ல இருந்து ஓடி வந்திருந்தான், கொஞ்சம் குத்த உணர்ச்சி, கொஞ்சம் கோவம். "வீடியோல சொன்னது பொய்யா மேடம்?"னு கேட்டான். முழுப் பொய் இல்ல. அவனுக்கும் அப்பாவுக்கும் சொன்னதை இங்க கொஞ்சம் விரிவாவே போடறேன், ஏன்னா இதைக் கேக்கறவங்க நிறைய.

வயிறும் சிறுகுடலும் காலியா இருக்கிறப்ப சும்மா இருக்காது. சாப்பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவுல, 90 நிமிஷத்துல இருந்து 120 நிமிஷத்துக்கு ஒரு தடவை, இரைப்பையில ஆரம்பிச்சு சிறுகுடல் கடைசி வரைக்கும் பலமான ஒரு அலை மாதிரி சுருங்கி விரிஞ்சு, மிச்சம் மீதி, சளி, பாக்டீரியா எல்லாத்தையும் கீழ தள்ளிட்டுப் போகும். மோட்டிலின்னு ஒரு ஹார்மோன் இதைக் கிளப்பி விடும். பசிக்கிறப்ப வயித்துல கேக்கற கடமுடா சத்தத்துல பாதி இதுதான். ஏதாவது சாப்பிட்டா இந்த அலை நின்னுடும், ஒரு பால் டீயும் வர்க்கியும் போதும், குடல் உடனே ஜீரணிக்கிற வேலைக்கு மாறிடும். இதைச் சொன்னப்ப அப்பா டக்குனு "அரவை முடிஞ்சதும் மெஷினை நிறுத்திக் கூட்டுற மாதிரியா? நடுவுல இலை போட்டா கூட்ட முடியாதுல்ல"ன்னாரு. இதுக்கு மேல நான் விளக்க வேண்டி வரல.

ஆக இந்தக் கூட்டுற வேலைக்கு ஆறு நாள் பட்டினி வேண்டாம், 16 மணி நேரம் கூட வேண்டாம், சாப்பாடு இரைப்பையை விட்டுப் போக ஒரு மூணு நாலு மணி நேரம், அதுக்கு மேல கொஞ்சம். தினமும் கிடைக்கணும், அதுதான் விஷயம்.

குடல் புதுசாகுறது? குடலோட உள்தோல் செல்லுங்க மூணுல இருந்து அஞ்சு நாளைக்கு ஒருக்கா தானாவே உதிர்ந்து புதுசா வருது, நாம சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும். ஆட்டோஃபேஜின்னு வீடியோல வர்ற வார்த்தைக்கு, அதாவது செல் தன்னோட பழைய பாகத்தைத் தானே செரிச்சுக்கிறதுக்கு, 2016-ல ஜப்பான்காரர் யோஷினோரி ஓசுமிக்கு நோபல் பரிசு குடுத்தது நிஜம், ஆனா அவரோட அடிப்படை வேலை ஈஸ்ட்ல நடந்துச்சு, மனுசன் இத்தனை மணி நேரம் பட்டினி கிடந்தா நெஞ்செரிச்சல் போகும்னு அவரு எங்கயும் கண்டுபிடிக்கல. 2018-ல அமெரிக்காவுல எம்.ஐ.டி. ஆளுங்க எலிகளை 24 மணி நேரம் பட்டினி போட்டு குடல் ஸ்டெம் செல்லுங்களோட, அதாவது புது செல்லை உண்டாக்கற மூல செல்லுங்களோட, புதுப்பிக்கிற திறன் கூடுதுன்னு காட்டினாங்க, 2024-ல அதே பக்கம் இருந்து இன்னொரு ஆய்வு, பட்டினி முடிஞ்சு திரும்ப சாப்பிடறப்பதான் அந்த செல்லுங்க வேகமா பெருகுது, புற்று உண்டாக்கற மரபணு மாத்தம் அந்த நேரத்துல சேந்தா கட்டி வர்ற வாய்ப்பும் எலியில கூடுதுன்னு. எலிக்கு ஒரு நாள் பட்டினிங்கிறது நமக்கு ஒரு நாள் பட்டினி இல்ல, அதோட உடம்பு ஓட்டம் வேற. வீடியோக்காரங்க முதல் பாதியை மட்டும் சொல்றாங்க.

அதுக்கு மேல, பட்டினி ஒரு சில வயித்துக்குக் கெடுதல். காலி வயித்துல அமிலம் சுரக்கறது நிக்காது, புண் இருக்கிறவங்களுக்கு வலி கூடும். நாள் கணக்கா சாப்பிடாம இருந்தா பித்தப்பை சுருங்காம பித்தம் தேங்கி நிக்கும், வேகமா எடை குறைக்கிறவங்களுக்குக் கல் வர்றதுக்கு அதுவும் ஒரு காரணம். தண்ணியும் சேத்துக் குறைஞ்சா மலச்சிக்கல் இன்னும் மோசமாகும்.

பையன் கடைசியா "அப்ப அப்பா விரதமே இருக்கக் கூடாதா"ன்னான். இருக்கலாம், கேட்டுட்டு இருக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க.

போட்ட திட்டம்

முதல்ல போட்ட திட்டம் ராத்திரி ஒரு மணி சாப்பாட்டுக்கு அப்புறம் மத்தியானம் ஒண்ணு வரைக்கும் தண்ணி மட்டும், 12 மணி நேரம். காகிதத்துல அழகா இருந்துச்சு, நாலு நாள் கூட ஓடல. ஷிப்ட் முடிஞ்சு வர்றப்ப பசி, பசியில தூக்கம் இல்ல, தூக்கம் இல்லாம அடுத்த ஷிப்ட். வீட்டுக்காரம்மாவுக்கு என் மேல நல்ல கோவம், "ராத்திரி பூரா நின்னுட்டு வர்ற மனுசனுக்கு சுடச்சுட ரெண்டு தோசை குடுக்கக் கூடாதா சிஸ்டர், இது என்ன வைத்தியம்?" அவங்க கேட்டது சரிதான்.

மாத்தினது இப்படி. காலையில அஞ்சரை மணிக்கு, பேக்டரியிலயே, ஒரு பெரிய டம்ளர் ராகிக் கஞ்சி, உப்பு மோர் விட்டது, பிளாஸ்க்ல வீட்டுல இருந்து கொண்டு போயிடுவாரு. வாசல் டீ கிடையாது. வீட்டுக்கு வந்து குளிச்சு, வெந்நீர் குடிச்சு, எட்டரைக்குப் படுக்கை, அதாவது கஞ்சிக்கும் படுக்கைக்கும் மூணு மணி நேரம். கட்டிலோட தலைமாட்டுக் காலுக்கு அடியில செங்கல் வெச்சு அரை அடி உசத்தினாங்க, தலையணையை அடுக்கினா போதாது, வயிறு மடங்கி இன்னும் அழுத்தும். இடது பக்கமா சாஞ்சு படுக்கணும். எழுந்ததும் ரெண்டு மணிக்கு அந்தத் தோசை, வீட்டுக்காரம்மா கையால, சுடச்சுட. எட்டு மணிக்கு சோறு, ஒரு மணிக்கு கொஞ்சமா சோறோ சப்பாத்தியோ, பரோட்டா வாரத்துல ஒருநாள்.

நடுவுல எதுவும் கிடையாது, ரெண்டே ரெண்டு பிளேன்டீ மட்டும், அதுவும் சாப்பாட்டை ஒட்டி. தண்ணிக்கு ஒரு ரெண்டு லிட்டர் பாட்டில், ஷிப்டுக்குள்ள பாதி முடியணும். கீரை, அவரை, கேரட் இதெல்லாம் இங்க வீட்டு வாசல்ல கிடைக்கிறது, அதைக் கூட்டச் சொன்னோம்.

பகல்ல தூங்கறப்ப எட்டு மணி நேரத்துக்கு மேல இடைவெளி, முழிச்சிருக்கிறப்ப நாலரையில இருந்து ஆறு மணி நேரம். இதை விரதம்னு சொன்னா அந்தம்மா சிரிக்கிறாங்க.

அடுத்து நடந்தது

எண்டோஸ்கோப்பிக்கு முன்னாடி அந்த ரெண்டு வாரம் ரொம்ப உபயோகமா அமைஞ்சுது, திட்டம் போட்டு வந்ததில்ல, தானா அமைஞ்சது. கேஸ் மாத்திரை இல்ல, வலி மாத்திரை இல்ல, நேரம் மட்டும் மாறியிருக்கு. அந்த ரெண்டு வாரத்துல வயிறு உப்புறதும் ஏப்பமும் நல்லாவே குறைஞ்சுது, அவரே வாய் விட்டு சொன்னாரு. வெளிய போறது ஒண்ணு விட்ட நாள்னு ஆச்சு. ஆனா நெஞ்செரிச்சல் குறையல, முதல் வாரம் கூடத்தான் செஞ்சுது. கேஸ் மாத்திரையை நிறுத்தினா அடக்கி வெச்ச அமிலம் கொஞ்ச நாளைக்கு முன்னை விட அதிகமா சுரக்கலாம், அதைச் சொல்லி வெச்சிருந்ததால பொறுத்துக்கிட்டாரு. வலி மாத்திரை நின்னதும் உப்புசம் குறைய ஒரு காரணமா இருந்திருக்கலாம், முழுப் பேரையும் இடைவெளிக்கே குடுத்துட முடியாது.

எண்டோஸ்கோப்பியில உணவுக்குழாய் அடியில லேசான அழற்சி, கிரேடு ஏ. புண் இல்ல, ஹெச். பைலோரி இல்ல. பேன்டோப்ரசோல் 40, எட்டு வாரம், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி. அவருக்கு அது மத்தியானம் ஒண்ணரை மணி, எழுந்த உடனே. இத்தனை நாள் எரியறப்ப சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டது பாதி வீண், அமிலம் சுரக்கிற பம்பு வேலை செய்யத் தொடங்கறப்ப மருந்து ரத்தத்துல இருக்கணும். மூணாவது வாரத்துல எரிச்சல் போச்சு.

தைப்பூசம் முடிஞ்சு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்தினாங்க, எரிச்சல் திரும்பல. மூணு மாசச் சராசரி சுகர் 8.2-ல இருந்து 7.5, எடை ரெண்டு கிலோ கம்மி. தோள் வலிக்கு பிசியோ.

சித்திரை வைகாசியில மழை விழுந்து இலை குமிஞ்சப்ப டபுள் ஷிப்ட், ஆள் பத்தல. கஞ்சி பிளாஸ்க் போச்சு, பரோட்டா வந்துச்சு, காலையில வந்து சாப்பிட்டு அப்படியே சாய்ஞ்சிருக்காரு. ஒரு வாரத்துல எரிச்சல் திரும்பிடுச்சு. எங்ககிட்ட வந்தப்ப அவரே காரணத்தையும் சொல்லிட்டாரு, ஷிப்ட் குறைஞ்சதும் பழைய நேரத்துக்குப் போனாரு, ரெண்டு வாரம் மட்டும் மாத்திரை தேவைப்பட்டுச்சு. மலச்சிக்கல் முழுசா போகல. தண்ணி பாட்டில் பல நாள் நிறைஞ்ச மேனிக்கே வீடு திரும்புதுன்னு வீட்டுக்காரம்மா புகார்.

அடுத்த சஷ்டிக்கு ஒரு மாசம் முன்னாடி வந்து "இந்தத் தடவை இருக்கலாமா"ன்னு கேட்டாரு. ஆறு நாளும் லீவு போடணும், ஒருவேளை முழுச் சாப்பாடு, ரெண்டு வேளை பால் பழம், மெட்ஃபார்மின் சாப்பாட்டோட மட்டும், வீட்டுல சுகர் மெஷின், 70-க்குக் கீழ போனா விரதம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். இருந்தாரு. குறைஞ்ச அளவு 92. சூரசம்ஹாரத்துக்கு ஊட்டி எல்க் ஹில் கோயிலுக்கு ரெண்டு பேரும் போயிட்டு வந்தாங்க.

என்ன மாத்தணும்

எங்க ஆஸ்பத்திரியில இப்ப ஓ.பி. சீட்டுல வயசுக்குக் கீழயே "வேலை நேரம், தூங்கற நேரம்"னு ஒரு வரி இருக்கு. காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு எழுதாம மணி போட்டு எழுதறாங்க, மலையில நைட் ஷிப்ட் ஆளுங்க அவ்ளோ பேரு.

சுகர் மாத்திரை எடுக்கிறவங்ககிட்ட விரதம் பத்தி நாங்களே முன்கூட்டி கேக்கறோம். ரம்ஜானுக்கு முன்னாடி டாக்டருங்க கேக்கறாங்க, அதுக்கு உலக அளவுல வழிமுறையே இருக்கு. சஷ்டிக்கு, புரட்டாசி சனிக்கிழமைக்கு, ஆடி வெள்ளிக்கு, மாலை போடறவங்களுக்கு, தவக்காலத்துக்கு யாரும் கேக்கறதில்ல, இருக்கிறவங்களும் சாமி விஷயம்னு சொல்றதில்ல. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் இந்த மூணுல எது இருந்தாலும் விரதத்துக்கு முன்னாடி டாக்டரைப் பாக்காம இருக்கக் கூடாது. சிறுநீர்ல சர்க்கரையை வெளியேத்துற டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுக்கிறவங்களும் அப்படித்தான், அதுல லோ சுகர் குறைவு, ஆனா நீண்ட பட்டினியில ரத்தத்துல கீட்டோன் அமிலம் ஏறிடற ஆபத்து இருக்கு.

பேக்டரியில சூப்பர்வைசர் மேஜையில குளுக்கோஸ் பாக்கெட் வெக்க ஒத்துக்கிட்டாங்க, பக்கத்துல பாய் கையெழுத்துல ஒரு தாள், வேர்வை நடுக்கம் உளறல் வந்தா முதல்ல சர்க்கரை, முழுங்க முடியாத அளவுக்கு மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாம வண்டி எடுன்னு. ராத்திரி ரெண்டரை மணி டீயை ஒரு மணி சாப்பாட்டோட சேத்துக் குடுங்கன்னு கேட்டதுக்கு மட்டும் ஒத்துக்கல, ஆளுங்க தூங்கிடுவாங்களாம்.

இன்னொண்ணு. இவ்ளோ நாளும் கூட வந்து உக்காந்திருந்த வீட்டுக்காரம்மா, ரெண்டாவது சஷ்டி முடிஞ்சு வந்தப்பதான் போற போக்குல சொன்னாங்க, மிளகு விரதத்துல மூணாம் நாள்ல இருந்து மேல் வயித்துல காந்துது, ஒரு வாய் சாப்பிட்டா அடங்குதுன்னு, பல வருஷமாவே அப்படித்தான்னு. காலி வயித்துல வலி, சாப்பிட்டா குறையுதுன்னா முன்சிறுகுடல்ல புண் இருக்கான்னு பாக்கணும். அவங்களுக்கு ரத்த டெஸ்டும் எண்டோஸ்கோப்பியும் எழுதியிருக்கு, பறிப்புக் கூலி போகாத ஒரு நாளாப் பாத்து அடுத்த மாசம் கோயம்புத்தூர் போறாங்க.